வாசலில் விட்ட ஓநாய்

லண்டன், 8.2.1981

அன்புள்ள பிலோமினா,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகம். நாரந்தனையில் நீரும் மாமியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இருமல் குறைந்துவிட்டது, பயப்பட வேண்டாம்.

ஞாயிறுகளில் இந்த வீட்டில் இருக்கும் நாலு பேரும் தாயக்கட்டை உருட்டி, கதை சொல்லி ஒரு கற்பனை விளையாட்டு விளையாடுகிறோம். அதில் நான் வேடன். எனக்குத் துணை ஓர் ஓநாய். போன கிழமை பட்டணத்து வாசலில் காவல்காரன் ஓநாயை உள்ளே விட மறுத்தான். எங்களோடு விளையாடும் நெடுந்தீவு அருளப்பு, தான் வெளியில் நின்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். நான் அலுவல் முடித்துத் திரும்பினால், அது அவர் காலடியில் படுத்திருக்கிறது. கூப்பிட்டும் வரவில்லை.

"இறைச்சி போட்டனான். இனி அது என்ர ஓநாய் காணும்," என்று அருளப்பு சிரித்தார். நான் கட்டையை எறிந்துவிட்டு எழும்பிவிட்டேன். விளையாட்டுக்குப் போய்க் கோபிக்கிறேனாம்.

மிளகாய்த்தூளும் காயவைத்த பனங்கிழங்கு ஒடியலும் அனுப்பும். உம்முடைய படம் ஒன்றும், தனியாக எடுத்தது.

வேலி அடைக்க யாக்கோப்பு மூன்று நாள் வந்ததாக எழுதியிருந்தீர். எங்கள் வேலி ஒரு நாள் வேலை. தபால் எடுக்கும் நேரமாகிறது. ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதும்: அவன் வேலிப் படலையைத் திறக்கும்போது எங்கள் நாய் இன்னும் குரைக்கிறதா?

உம்முடைய
சவிரிமுத்து