உங்கள் ரோஸ் லோஷனும் என் இடது கையும்

என் அன்பான ஸ்டெல்லா டீச்சருக்கு, பக்கத்துப் படுக்கை தனபாக்கியம் ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பிள்ளைகள் சேதி. தில்லை நகர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினை மாட்டியதும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி அதுதானே? "பேரப்பிள்ளைங்க ரிசல்ட் என்னக்கா?" ஒரு வருஷமாக அப்படிக் கேட்க ஆளில்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன், கேளுங்கள்.

பெரியவள் அபிநயா சி.ஏ. கடைசிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ். சென்னையில் வேலை பார்க்கிறாள். நடுவுள்ளவன் ஹரி விவசாயக் கல்லூரியில் தங்க மெடல் வாங்கினான். மேடைக்கு வேட்டி கட்டிக்கொண்டு போடா என்றேன், கட்டிக்கொண்டு போனான், ஆனால் பயத்தில் பெல்ட்டும் போட்டிருந்தான். சின்னவள் யாழினி ஏழாவது படிக்கிறாள். கோ-கோவில் ஜில்லா டீமுக்கு எடுத்திருக்கிறார்கள். ஓடும்போது அவள் கால் தரையில் படுகிறதா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மூன்று பேரும் ஜெயித்த கையோடு எனக்கு ஆளுக்கொரு லோஷன் கொடுத்தார்கள். பாட்டிக்கு உடம்பெல்லாம் காய்ந்து அரிக்கிறது என்று பேசி வைத்துக்கொண்டார்களோ என்னவோ. அபி முதல் சம்பளத்தில் பம்ப் வைத்த பெரிய பாட்டில் அனுப்பினாள். ஹரி அவன் கல்லூரியிலேயே செய்த கற்றாழை ஜெல் கொண்டுவந்தான். யாழினிக்குப் பந்தயத்தில் கொடுத்த பையில் பச்சைக் குழந்தைகளுக்குப் போடுகிற ஒரு குட்டி பாட்டில் இருந்ததாம். "பாட்டிதான் இப்ப குழந்தை" என்று கொண்டுவந்து கொடுத்தாள்.

ஒன்றைப் போட்டு இன்னொன்றை வைத்துவிட முடியுமா? வீடியோ காலில் முதல் கேள்வியே "என்னோடதைப் போட்டியா பாட்டி?" என்பதுதான். பொய் சொல்ல மனசு வரவில்லை. அதனால் பங்கு பிரித்துவிட்டேன். வலது கை அபிக்கு. வலது கால் ஹரிக்கு. இடது கால் யாழினிக்கு. மருமகள் மங்கை பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அத்தை, நிலத்தைப் பிரிச்ச மாதிரி பிரிச்சிட்டீங்களே!"

இடது கையை யாருக்கும் கொடுக்கவில்லை. அது உங்களுக்குத் தெரிந்த விஷயம், ஆனால் உங்கள் நினைவு மலரில் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைத்திருப்பார்கள். தொட்டால் உள்ளே மாவு மில் ஓடுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். வாரம் மூன்று நாள் அந்தக் கையில்தான் இரண்டு ஊசி குத்தி, ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிறார்கள். அந்தக் கையில் வளையல் கூடாது, பை தூக்கக் கூடாது, கண்டதைத் தடவக் கூடாது. கை போனால் மெஷின் போச்சு. மெஷின் போனால் நான் போச்சு.

அந்தக் கையில்தான் டீச்சர், யாருக்கும் தெரியாமல் உங்கள் ரோஸ் லோஷனைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை அதை என் கையில் திணித்தீர்களே, நினைவிருக்கிறதா? பாதி பாட்டில். "அரிச்சா போட்டுக்கோங்கக்கா. எனக்கு இது இல்லன்னா உசுரே இல்ல" என்றீர்கள். வியாழக்கிழமை வந்து பார்த்தால் உங்கள் படுக்கையில் புது விரிப்பு. யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு, மெஷினுக்குப் போகாத நாட்களில் அதில் இரண்டு சொட்டு எடுத்து இடது கையில் தேய்ப்பேன். மணம் எழுந்ததும் நீங்கள் பக்கத்தில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். மூன்று மாதம் ஒன்றுமில்லை. நாலாவது மாதம் முழங்கைக்குக் கீழே ஓர் அரிப்பு வந்தது. நமக்கு அரிப்பு புதுசா? இன்னும் கொஞ்சம் லோஷன் போட்டேன். அரிப்பு கூடியது. இன்னும் கொஞ்சம் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை நர்ஸ் ஜான்சி என் கைமேல் போட்டிருந்த கைக்குட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை செக்கச்செவேலென்று, கடுகு கடுகாய்க் கொப்புளம்.

"என்ன பாட்டி இது? இந்தத் தோல்ல எப்படிக் குத்துறது?"

மேலே தேடி, நல்ல தோல் இரண்டு விரல்கடை இருந்த இடத்தில் அன்றைக்குக் குத்தினாள். "இது ஆறலேன்னா கழுத்துல டியூப் போடுறாப்ல ஆயிடும். அதுவழியா கிருமி உள்ள போயிடுச்சுன்னா வம்பு" என்றாள். கழுத்து டியூப் என்றால் என்னவென்று உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வருகிற வழியில், காவிரிப் பாலம் முழுக்க ஆட்டோவில் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தேன்.

வீட்டில் விசாரணை ஆரம்பமானது. மங்கைக்கு முதல் சந்தேகம் என் வாய் மேல். "உண்மையைச் சொல்லுங்க அத்தை, கடலை உருண்டை தின்னீங்களா? ரத்தத்துல பாஸ்பரஸ் ஏறினா அரிக்கும்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"ஏறினா உடம்பெல்லாம்ல அரிக்கும். இது ஒரு கையில மட்டும் எப்படிடி ஏறும்? கடலை உருண்டை இடது கை வழியாவா உள்ள போச்சு?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் கேட்டபிறகு எனக்கே அந்தக் கேள்வி உள்ளே ஒட்டிக்கொண்டது. ஏன் ஒரு கையில் மட்டும்? நோய் உடம்பு முழுக்கத்தானே இருக்கிறது?

தோல் டாக்டரம்மாவிடம் போனோம். சின்ன வயசு, பொறுமைசாலி. என்னென்ன தடவுகிறேன் என்று கேட்டார். மூன்று பாட்டிலையும் எடுத்து வைத்தேன், பங்கு பிரித்ததையும் சொன்னேன். "அட, நாங்க பண்ண வேண்டிய சோதனையை நீங்களே பண்ணிட்டீங்களே" என்று ஆச்சரியப்பட்டார். மூன்று இடமும் சுத்தமாக இருந்தது. "அப்ப இந்தக் கையில என்ன போட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பாட்டி. சோப்பு, தைலம், எதாவது?"

"ஒண்ணுமே இல்லீங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்னால் தூக்கிப் போடச் சொல்வார்கள். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்தப் பாட்டில் ஒன்றுதான். டாக்டரம்மா ஆறுவதற்கு ஒரு மருந்து எழுதினார். ஒன்றும் பிடிபடாததால், எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று லோஷனையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். மங்கை அவற்றை ஒரு பையில் கட்டிப் பரண்மேல் போட்டாள்.

அன்று சாயங்காலம் யாழினி விளையாடிவிட்டு வந்தவள் பையைப் பார்த்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, கையைத் தொடப் பயந்துகொண்டு கேட்டாள். "என் லோஷன்தானா பாட்டி? நான் குடுத்ததாலதான் உனக்குக் கழுத்துல ஓட்டை போடுவாங்களா?"

ஜில்லா டீமில் ஓடுகிற பிள்ளை, டீச்சர். உதடு பிதுங்கி அழுகிறது. அவள் கொடுத்தது கெடுதல் இல்லை என்பது அந்த வீட்டில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்து போய் அலமாரியில் புடவைகளுக்கு அடியிலிருந்து உங்கள் பாட்டிலை எடுத்துவந்து அவள் மடியில் வைத்தேன்.

"இதுதான்டி. நான்தான் போட்டுக்கிட்டேன்."

மங்கை என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "ஏன் அத்தை, டீச்சரம்மா மேல பாசம்னா படத்துக்கு மாலை போடுங்க. கையிலயா போடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுபடி டாக்டரம்மாவிடம் போனோம். பாட்டிலைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்தார். எனக்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும், அதனால் ஒவ்வொன்றும் என்னவென்று கேட்டேன். தண்ணீர், எண்ணெய், கெடாமல் இருக்க ஒரு மருந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் 'வாசனை' என்று மட்டும் போட்டிருப்பதாகச் சொன்னார்.

"ரோஜாப்பூ வாசனைதானே, அது என்ன பண்ணும்?"

"பூவே இருக்காது பாட்டி. பத்துப் பதினைஞ்சு சாமானைக் கலந்து அந்த மணத்தை வரவழைப்பாங்க. அதுல ஒண்ணு ஒத்துக்கலேன்னாலும் போதும். உங்களுக்கு நோயினால தோல் காய்ஞ்சு கிடக்கு. காய்ஞ்ச தோல் காவல் இல்லாத வீடு மாதிரி."

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி சொன்னார். கை முழுக்கத் தடவாமல், ஆறின பிறகு, ஊசி போடாத வலது கையின் மடிப்பில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவ வேண்டும். ஒரு சமயத்தில் ஒரே ஒரு லோஷன். இடது கையின் பக்கமே எதையும் கொண்டுபோகக் கூடாது.

யாழினிதான் காலண்டரில் குறித்தாள். முதல் வாரம் அபி, ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஹரி. தடவினதும் லேசாக எரிந்தது, அப்புறம் அடங்கிவிட்டது, தோல் சிவக்கவில்லை. அவனிடம் சொன்னதற்கு, "அது ஸ்பிரிட்டு கொஞ்சம் கூடிப்போச்சு பாட்டி, அடுத்த தடவை குறைக்கிறேன்" என்கிறான். தங்க மெடல்! மூன்றாவது வாரம் யாழினி. அந்த ஏழு நாளும் பள்ளிக்கூடம் போகுமுன் என் கை மடிப்பைப் பார்க்காமல் அவள் செருப்புப் போடவில்லை. எட்டாவது நாள் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி "நான் பாஸ்!" என்று கத்தினாள்.

நான்காவது வாரம் நீங்கள். மூன்று நாள் ஒன்றுமில்லை. என் மனசு என்ன வேண்டிக்கொண்டது தெரியுமா? ஒன்றும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டது. நாலாம் நாள் காலை, காசு அகலத்துக்கு, காசு மாதிரியே வட்டமாகச் சிவந்திருந்தது. உடனே கழுவிவிட்டேன்.

இடது கை ஆறிவிட்டது, டீச்சர். டியூப் வேண்டியிருக்கவில்லை. ஜான்சி இப்போது பழைய இடத்திலேயே குத்துகிறாள். மில் நன்றாக ஓடுகிறது.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் ஆறவில்லை. நாலு வருஷம் என் பக்கத்தில் படுத்துச் சொறிந்தீர்களே. பையில் ஒரு மரஸ்கேல் வைத்திருப்பீர்கள். "பிள்ளைங்கள அடிச்ச பாவம், இப்ப என் முதுகுக்கே வந்திருச்சு" என்று சிரிப்பீர்கள். சொறிந்துவிட்டு லோஷன் போடுவீர்கள். லோஷன் போட்டுவிட்டு மறுபடி சொறிவீர்கள். கிட்னி என்றால் அரிக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள், நானும் சொன்னேன். ஒருத்தரும் அந்தப் பாட்டிலைத் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் அரிப்புக்காக அதைப் போட்டீர்களா, அதைப் போட்டதால் அரித்ததா?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அவங்க கையைப் பார்க்காம எப்படிம்மா சொல்றது? ரெண்டுமேகூட இருக்கலாம்" என்றார். இனித் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்கிறாள் மங்கை. எனக்குத் தெரிய வேண்டும். உங்களோடது ஒரு கேள்வி, அதை அப்படியே விட்டுவிட்டுப் போகச் சொன்னால் எப்படி?

உங்கள் படுக்கையில் இப்போது பச்சைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறாள். பெயர் செல்லம்மாள். பஸ் கிடைப்பதே பாடு என்று முதல் நாள் விடியுமுன்னே கிளம்பி வந்தாளாம். வந்ததிலிருந்து கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். ஊர் பேர் கேட்குமுன், "என்னம்மா தடவுறே?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஒரு தைல பாட்டிலை எடுத்தாள். மோந்து பார்த்தேன். மல்லிகை. "டாக்டரம்மாகிட்ட காட்டிட்டுப் போடு. அதுவரைக்கும் மூடி வை" என்றேன். போன வாரம் சொறியவில்லை. மெஷின் நன்றாகச் சுத்தம் செய்ததாலா, மூடி வைத்ததாலா, இன்னும் தெரியாது. கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. கையில் படாமல் மூடியை மட்டும் திறந்து மூடுவேன். வாசனைக்கு அது போதும். இனி நம் வரிசையில் புதிதாக யார் வந்து படுத்தாலும், என்ன தடவுகிறாய் என்று நான் கேட்காமல் ஊசி ஏறாது. இது உங்களுக்கு என் வாக்கு.

ஷீலா, நீதானே இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னாய். அட்டையில் நீ போட்டிருக்கிற அம்மா படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முகம் மட்டும் இருக்கிறது. நாலு வருஷம் படுத்த வாக்கில் நான் பார்த்தது உன் அம்மாவின் கையைத்தான். கிட்னி கெட்ட பிறகு, ஆனால் அந்த லோஷன் வாங்குவதற்கு முன்னால், கை நன்றாகத் தெரிகிற மாதிரி எடுத்த போட்டோ ஒன்று இருந்தால் தபாலில் அனுப்பு, கண்ணு. போனில் வேண்டாம், அதில் என் கண்ணுக்குப் பிடிபடாது. அப்போதே சொறிந்த தடம் இருந்ததா என்று டாக்டரம்மாவிடம் ஒரு தடவை காட்டிக் கேட்கிறேன். பிறகு என்னிடமே இருக்கட்டும்.

உங்கள் வலதுபக்கத்துப் படுக்கையில் கிடைத்த அக்கா,
தனபாக்கியம்