பலகைப் பாதை

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா நலம். வலது கை சொன்ன பேச்சைக் கேட்கிறது. வாதம் வந்த இடது கை இன்னும் வீம்பு பிடிக்கிறது. நீ ஊரிலிருந்து வந்து, என்னை அவ்வளவு தூரம் காரில் கூட்டிப் போனாயே, அதற்கே உனக்குப் புண்ணியம். அந்தப் பழைய மரத்தடி வரை நான் வர முடியாமல் போனது யார் குற்றமும் இல்லை. வழியெல்லாம் படிக்கட்டு என்று நீ பார்த்துவிட்டு வந்து சொன்னாய். சக்கர நாற்காலி என்ன பறக்குமா?

ஆனால் என்னைக் காரில் விட்டுவிட்டு நீ மட்டும் போய்த் திரும்பி வந்ததும், "பெருசா இருந்துச்சுக்கா" என்றதோடு சரி. ஆயிரம் வருஷத்து மரத்துக்கு அவ்வளவுதானா? ஒரு தையல்காரியிடம் இப்படியா சொல்வது? அதற்குச் சட்டை தைத்தால் எத்தனை மீட்டர் துணி பிடிக்கும், கிளை எங்கே பிரிகிறது, எல்லாம் விவரமாக எழுது. போனில் கேட்டால் நழுவுகிறாய்.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே அலைந்தேன். கிளினிக்கில் நோயாளிகளைப் பெயர் மாற்றிக் கூப்பிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன்.

அங்கே படிக்கட்டே இல்லை அக்கா. பலகை போட்ட சமமான பாதை. வாசலிலேயே சக்கர நாற்காலி படம் வரைந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உன்னிடம் பொய் சொன்னேன்.

அன்று காலையில் உன்னைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, தூக்கி உட்காரவைத்து, நாற்காலியை மடக்கி டிக்கியில் ஏற்றியதில் முதுகு விட்டுப்போயிருந்தது. கொஞ்ச நேரம் யாருக்கும் எதுவும் செய்யாமல் நடக்க வேண்டும் போல இருந்தது. நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் சுடுகிறது.

மரத்தடியில் ஒரு அம்மா, "தனியா வந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. மரத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். நீ கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

திட்டு அக்கா. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

குட்டி

மார்ச் 19

குட்டிக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும். நீ போன கொஞ்ச நேரத்தில், ஒரு பெரியவரை நாற்காலியில் வைத்து அவர் மகள் அதே பாதையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். காருக்குள் உட்கார்ந்து அழுதேன். நீ வந்து கதவைத் திறந்ததும் உன்னை நாலு வார்த்தை கேட்க நினைத்தேன். உன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வாய் வரவில்லை.

கடிதத்தில் மரத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேனே, அது ஆசையில் கேட்டது இல்லை. உனக்கு வலிக்கட்டும் என்றுதான் கேட்டேன். உன் பதிலைப் படித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாளில், "முதுகு வலிக்குதா குட்டி?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறேனா? தூக்கும்போது, "மெதுவா, மெதுவா" என்று அதட்டத்தான் தெரிந்தது.

எனக்குக் கைகால் பயிற்சி கொடுக்க வருகிற நர்ஸிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் அவர்தான் என்னை அங்கே தள்ளிக்கொண்டு போகப் போகிறார். நீ வந்தால் எதையும் தொடக் கூடாது. கையை வீசிக்கொண்டு உன் இஷ்டத்துக்கு நட. வர மனமில்லை என்றால், "வரலக்கா" என்று ஒரு வரி எழுதிவிடு. கோபம் வரத்தான் செய்யும். இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

அக்கா