ரயிலில் கார்த்திக்கைப் பற்றிப் பேசினார்கள்

எடிசன் நகரம், வியாழன் இரவு

கார்த்திக்கை வேறு அணி ஏதாவது எடுத்துக்கொள்ளுமா? எனக்குத் தெரியவில்லை. நேற்று என் பிள்ளையை அவனுடைய பேஸ்பால் அணி, இரண்டாம் நிலை மைனர் லீக் அணிதான், நீக்கிவிட்டது. "ஐ ஆம் ஓகே, அம்மா" என்பதோடு போனை வைத்துவிட்டான்.

இன்று மாலை ரயிலில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு தமிழ் இளைஞர்கள். யாரை நீக்கினார்கள், யாரை எடுத்தார்கள் என்று அலசிக்கொண்டே வந்தார்கள்.

"நம்மாளு கார்த்திக்கைத் தூக்கிட்டாங்கடா."

"பின்ன? அவன் பேட்டிங் வந்தா நான் பாப்கார்ன் வாங்கப் போயிடுவேன்."

"கேட்சிங்கைப் பாருடா. அன்னிக்கு அந்தப் புது பிட்ச்சர் பந்தைக் கண்டபடி எறிஞ்சு சொதப்பிட்டே இருந்தான். இவன் எழுந்து போய் என்னமோ சொல்லி சிரிக்க வெச்சான். அதுக்கப்புறம் அவன் ஒரு ரன்கூட கொடுக்கலை. எதிர்ல பந்தைப் பிடிக்க இவன் உட்கார்ந்தாதான் பிட்ச்சருங்களுக்கே தைரியம்."

பேட்டிங் பற்றிச் சொன்னது சரிதான். அந்தப் பிட்ச்சரைச் சிரிக்க வைத்ததைக் கார்த்திக் என்னிடம் சொன்னதே இல்லை. நான்தான் அவன் அம்மா என்று அவர்களிடம் சொல்லவில்லை. ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு காரை ஓட்டினேன்.

வெள்ளி

இரவு வரை எந்த அணியும் அழைக்கவில்லை. மளிகைக் கடையில் என் தோழி சுதாவைப் பார்த்தேன். "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டாள். வழக்கமாக, வெளியூரில் வேலை என்று முடித்துவிடுவேன்.

"பேஸ்பால் ஆடறான். கேட்சர். இப்போ வேற டீம் தேடறான்."

"அப்படியே ஒரு மாஸ்டர்ஸும் apply பண்ணி வைக்கலாமே?"

"பண்ணலாம். ஆனா பிட்ச்சருங்களுக்கு அவன் வேணும்" என்றேன்.