வரிசைக்குக் கூரை போட்டவர்கள்

மச்சான்,

இன்று காலை கடையில் புதுச் சரக்கு இறங்கியது. அட்டைப்பெட்டியின் வாயைக் கத்தியால் கிழித்ததும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டுகளின் வாடை முகத்தில் அடித்தது. எனக்கு அது நம் பார்க்கில் படகு சறுக்கித் தண்ணீரில் விழும் இடத்து வாடை. அந்தப் படகில் ஏறுகிறவர்களுக்கு விற்கலாமே என்றுதான் முதன்முதலில் இந்தச் சரக்கையே எடுத்தேன். உன் பஸ்ஸில் வந்த எல்லாரும் வாங்கினார்கள். நீதான், "நனையத்தானே வந்திருக்கோம், அப்புறம் என்னாத்துக்குக் கோட்டு?" என்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கேட்டு என் வியாபாரத்தைக் கெடுத்தாய். பாதிப் பேர் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். நான் வாங்கிக்கொள்ளவில்லை. விற்றது விற்றதுதான்.

பெட்டியை அப்படியே வைத்துவிட்டு உன்னிடம் கொஞ்சம் பேசலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ ஓட்டியது தொழிற்சாலை பஸ். வாரம் முழுக்கக் கோலா கெத்தில் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் பெண்களை ஏற்றி இறக்குவாய். ஸ்கூல் லீவு வந்தால் அதே பஸ், அதே பெண்கள், கூடவே அவர்கள் பிள்ளைகளும் புருஷன்மாரும், நேராகப் பார்க்குக்கு. மற்றவர்கள் உள்ளே நுழைந்ததும் சோற்று மூட்டையை வைக்க நிழல் தேடுவார்கள். நீ நிழலையா தேடினாய்? ஒவ்வொரு ரைடாகப் போய்ப் பக்கத்தில் நின்று, கண்ணை மூடி மோட்டார் சத்தத்தைக் கேட்பாய். "பேரிங் போச்சு மச்சான். போன வருஷமும் இதே சத்தம்தான்." வேலைக்கு வைத்த ஆள்கூட அவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்க மாட்டான். நீ டிக்கெட் எடுத்துப் பார்த்தாய்.

குளத்துக்குப் பின்னால் அந்தக் காலி இடம் நினைவிருக்கிறதா? சுற்றிலும் தகர வேலி. வேலியில் ஒரு பெரிய பலகை. வளைந்து வளைந்து ஏறும் ரோலர் கோஸ்டர் படம் போட்டு, மேலே 'அகான் டாத்தாங்', விரைவில் வருகிறது என்று எழுதியிருந்தார்கள். நாம் முதலில் பார்த்தபோது படத்தில் தண்டவாளம் நல்ல சிவப்பு. பிறகு ஆரஞ்சு ஆனது. அப்புறம் ரோஸ். உன் பஸ்ஸில் முதல் சீட்டு பட்டு அக்காவுக்குத்தான் என்பது எழுதாத சட்டம். மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை, நாக்கிலும் மின்சாரம். அவர் சொன்னார்: "தம்பி, அது வருதோ இல்லையோ, இன்னும் ரெண்டு வருஷத்துல வெள்ளையாயிரும்."

அதுவரை தண்டவாளத்தில் ஏறி இறங்குவது என்று அங்கே இருந்தது பிள்ளைகள் கம்பளிப்பூச்சி என்று கூப்பிட்ட சின்ன வண்டி ஒன்றுதான். நீ கத்தி முடிப்பதற்குள் அது நின்றுவிடும்.

எனக்கு உன் கோபம் அப்போது பாதிதான் புரிந்தது. நான் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பாய் விரித்து வாளியும் பேசினும் விற்று மேலே வந்தவன். எதைப் பார்த்தாலும் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்ப்பேன்.

"நீதான் திட்டிக்கிட்டே டிக்கெட் வாங்குறியே," என்றேன். "வாங்குறவன் திட்டுனா என்ன, பாடுனா என்ன? எந்த தவுக்கே புதுசு போடுவான்?"

"உனக்கு இருக்கிறது முதலாளி மூளை மச்சான். ஒரு நாள் லீவு எடுத்துப் புள்ளகுட்டியோட வர்றான்லா. அவனுக்குப் போயி பழைய சோத்தையே போட்டா?"

"சாப்புடுறியே."

"பசிக்குதே."

பார்க்கே வேண்டாம் என்கிறவனோடு பேசி ஜெயிக்கலாம். பார்க் இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்கிறவனோடு என்ன பேசுவது?

ஒரு சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் எல்லாரும் ஈரத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் உனக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அதைச் சொன்னாய்.

"எங்கப்பாவுக்கும் நெஞ்சு. அண்ணனுக்கும் நெஞ்சு. எனக்கு மட்டும் முட்டி வலியா வரப்போவுது? எல்லா ரைடுக்கும் முன்னால போர்டு வெச்சிருக்கான் பாத்தியா, நெஞ்சு நோவுக்காரன் ஏறக்கூடாதுன்னு. அந்தப் போர்டு என்னையச் சொல்றதுக்குள்ள அவன் அதைப் போட்டுறணும் மச்சான். அவ்ளோதான் எனக்கு."

சொல்லிவிட்டுக் கியரை மாற்றினாய். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புதுசு வரவில்லை என்று எல்லா வாடிக்கையாளர்களும் முணுமுணுப்பார்கள். அவர்களுக்கு அடுத்த வருஷம் வந்தாலும் சரி, அதற்கடுத்த வருஷம் வந்தாலும் சரி. உனக்கு அப்படி இல்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மறு வருஷம் படகையும் ரிப்பேர் என்று கயிறு கட்டி மூடியிருந்தார்கள். பஸ்ஸில் கலவரம். "இனி இந்தப் பக்கம் தலவெச்சுப் படுக்க மாட்டேன்," என்றார் பட்டு அக்கா. "அடுத்த லீவுக்கு தெக்கால இருக்கிற பெரிய பார்க்குக்கு விடுப்பா வண்டிய. இவனுக்குப் புத்தி வரட்டும்." எல்லாரும் கை தட்டினார்கள். நீ மட்டும் தட்டவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்து, வாளி அடுக்குக்கு நடுவில் நின்றுகொண்டு, போகாமல் விட்டால் அவனுக்குப் புத்தி வருமா என்று கேட்டாய்.

"வராது," என்றேன். "என் கடையில கூட்டம் கொறைஞ்சா நான் என்னா பண்ணுவேன்? மொதல்ல ஒரு ஃபேன நிறுத்துவேன். அப்புறம் ஒரு ஆள நிறுத்துவேன். புதுச் சரக்கு வாங்குவனா?"

"அப்ப எப்பத்தான் வாங்குவ?"

"ஒரே சாமானுக்கு ஆளுங்க வரிசையில நின்னா வாங்குவேன்."

அங்கேயே நின்று விரலை மடக்கி ஆட்களை எண்ண ஆரம்பித்துவிட்டாய்.

அடுத்த லீவில் இரண்டு பஸ் கிளம்பின. உத்தரவு ஒன்றுதான்: கதவு திறந்ததும் எல்லாரும் கம்பளிப்பூச்சிக்குப் போக வேண்டும். இறங்கினால் திரும்ப வந்து கடைசியில் நிற்க வேண்டும். வேறு எதிலும் கால் வைக்கக் கூடாது. வரிசை குளத்தைச் சுற்றி, சோளம் விற்கிற தள்ளுவண்டியைத் தாண்டி, கழிவறை வரைக்கும் போனது. மற்ற ரைடுகள் காலியாகச் சுற்றின. அப்புறம்தான் வேடிக்கை. நமக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் வந்து சேர ஆரம்பித்தார்கள். யான் ஊரிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் பட்டு அக்காவிடம், "என்னாக்கா இங்க விசேஷம்?" என்று கேட்டார். அக்கா கண்ணைச் சிமிட்டாமல், "தெரியலப்பா. எல்லாரும் நிக்கிறாங்க, நல்லாத்தான் இருக்கும்," என்றார். அவரும் நின்றார்.

மத்தியானம் மேனேஜர் வந்தார். சின்ன வயசு மலாய்க்காரர், நல்ல மனிதர். "அங்கிள், கெனாபா செமுவா பெராத்தூர் சினி?" எல்லாரும் ஏன் இங்கேயே வரிசையில் நிற்கிறீர்கள் என்று கேட்டார். இங்கே ஏறி இறங்குவது இது ஒன்றுதானே என்றாய் நீ. வேலியில் இருக்கிற அந்தப் படம் நிஜமாக வந்தால் அங்கே போய் நின்றுகொள்கிறோம் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னாய். அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வரிசையின் கடைசி வரைக்கும் நடந்து போய்ப் பார்த்தார். வெயிலில் முகம் சிவந்த பிள்ளைகளைப் பார்த்தார். கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்தார்.

"படம் எடுத்துட்டான் மச்சான்," என்று உன் காதில் சொன்னேன். "மேல தவுக்கேகிட்ட காட்டுவான். ஏதாவது நடக்கும்."

நடந்தது. அடுத்த லீவில் நாம் உள்ளே போனபோது தகர வேலியும் வெளுத்த பலகையும் அப்படியே இருந்தன. ஆனால் கம்பளிப்பூச்சிக்கு நிற்கிற வரிசைக்கு மேலே நீளமாக நீலக் கூரை. இரண்டு பக்கமும் பெஞ்சு. தூணுக்குத் தூண் பெரிய ஃபேன்.

"என்னா மச்சான் இது?" என்றாய்.

"காசு போட்டுட்டான்லா."

"எதுக்கு? நிக்கிறதுக்கா?"

எனக்கு வந்த சிரிப்பில் அந்தப் புதுப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரிசையைக் காட்டினோம், வரிசைக்கு வசதி செய்துவிட்டான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் முதலில் அதைத்தான் செய்திருப்பேன். பட்டு அக்கா பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, "காத்து நல்லா வருதுப்பா," என்றதும் நீயும் தாங்கமாட்டாமல் சிரித்தாய். உன் சிரிப்பு லேசில் நிற்காது. இரண்டு தடவை நிறுத்தப் பார்த்து, இரண்டு தடவையும் கூரையை நிமிர்ந்து பார்த்துவிட்டாய்.

அப்புறம் நான் நிஜமாகவே ஒன்று சொன்னேன். "கூரை போடுறவன் கடைய மூடிட்டுப் போறவன் இல்ல. இன்னும் கூட்டம் வரும்னு நெனைக்கிறான். கண்டிப்பா போடுவான். பொறு."

"பொறுக்க வேண்டியது நானா, என் நெஞ்சா?" என்று கேட்டாய், சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே.

நெஞ்சு பொறுக்கவில்லை. வீட்டு வாசலில் பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாய்ந்தாய். ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்தார்கள். பிழைத்தாய். பஸ்ஸை விட்டாய், உப்பை விட்டாய். நீ உப்பில்லாக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் தகர வேலியைப் பிரித்தார்கள். நெடுஞ்சாலையில் சரக்கு வேனில் போகும்போது இரும்புத் தூண்கள் நிற்பதைப் பார்த்தேன். உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று வீடு வரும் வரைக்கும் யோசித்தேன். சொன்னேன். உனக்கு வர வேண்டிய சரக்கு வந்திருக்கிறது, அதை மறைக்க நான் யார்?

"எவ்ளோ ஒசரம்?" என்றுதான் முதலில் கேட்டாய்.

"தென்னை மேல தென்னைய வெச்ச மாதிரி இருக்கு."

கஞ்சியைக் கீழே வைத்தாய். "அப்ப உருப்படியாத்தான் போடுறான்."

திறந்த பிறகு வந்த முதல் லீவில் நாம் மூவரும் போனோம்: நீ, நான், உன்னைவிட்டு ஒரு அடி தள்ளாமல் உன் தங்கை, என் வீட்டுக்காரி. வாசலில் அந்தப் பலகை இருந்தது, இதயம் வரைந்து குறுக்கே கோடு போட்டது. நீ அதை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாய். அங்கே யாரும் எதுவும் கேட்பதில்லை. நீ பாட்டுக்கு உள்ளே போயிருக்கலாம். உன் தங்கை உன் கையைப் பிடிக்கவும் இல்லை, ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் நின்றேன்.

"நீ ஏறு," என்றாய் என்னிடம்.

"நானா?"

"எனக்கு மேல ஒரு கண்ணு வேணும். போ."

உனக்குத் தெரியும், அதுவரை அந்தப் பார்க்கில் என் வேலை எல்லாருடைய பையையும் பிடித்துக்கொண்டு நிற்பது. ஆனாலும் போனேன். கீழே வந்தபோது நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாய்.

"மேல இருந்து என்னா தெரிஞ்சிச்சு?"

"கண்ண மூடிட்டேன் மச்சான்."

"மறுபடி போ."

அந்த இரண்டாவது தடவை நான் கண்ணை மூடவில்லை. உச்சியில் வண்டி ஒரு மூச்சு விடும் நேரம் நின்றது. ஜெராய் மலை பக்கத்து வீடுபோல் நின்றது. அதன் இந்தப் பக்கம் செம்பனை, நடுவே நம் சாலை, அதில் ஒரு பஸ். கடல் தெரிந்ததா என்று கேட்டாய். ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, கடலா மேகமா தெரியவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். முதல் இறக்கம் அசல், வயிறு மேலேயே தங்கிவிட்டது. இரண்டாவது வளைவு சும்மா, ஏமாற்று வேலை. மூன்றாவதில் கழுத்து இடிக்கிறது. நான் சரக்கைப் பற்றிச் சொல்வதுபோல் ஒளிக்காமல் சொல்ல, நீ பசித்தவன் சாப்பிடுவதுபோல் கேட்டாய்.

"நல்லாத்தான் போட்டிருக்கான்," என்றாய். பிறகு, "சரி, அடுத்தது எப்ப?"

உன் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் சில லீவுகள் கிடைத்தன. என்னை ஏற்றிவிட்டு நீ கீழே நிற்பாய், நான் வந்து சொல்வேன். ஒரு நாள் காலைப் பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவன் அப்படியே போய்விட்டாய். கடையை மூடினேன். நான் எதற்கெல்லாம் கடையை மூடுகிறவன் என்று உனக்குத் தெரியும். 'அண்ணனுக்கு அது கிடைக்காமலே போச்சே' என்று உன் தங்கை சில சமயம் சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ரைடை உன்னளவுக்கு ருசித்தவர்கள் அதில் ஏறியவர்களிலேயே யாரும் இல்லை. இதை வியாபாரியாகவும் சொல்கிறேன், மச்சானாகவும் சொல்கிறேன்.

போன லீவுக்கும் போனோம். பட்டு அக்காவுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது, பேரப்பிள்ளைகளோடு வந்தார். நான் ஏறினேன், கண்ணைத் திறந்துகொண்டுதான். இறங்கி வரும்போது மேனேஜர் எதிரில் வந்தார். அவருக்கும் முன்தலை நரைத்துவிட்டது. கையைக் குலுக்கினேன். குலுக்கிய கையை விடுவதற்குள் என் வாய் ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது வளைவில் சத்தம் வருகிறது, பேரிங் பாருங்கள். இது வந்து எத்தனை லீவு ஆகிவிட்டது, இன்னும் இது ஒன்றுதானா, பிள்ளைகளுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று நிறுத்தாமல் போனது. அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார், முன்பெல்லாம் அங்கிள் எதற்கும் குறை சொன்னதே இல்லையே என்று.

அப்போது அதற்கு ஆள் இருந்தார், இப்போது அந்த வேலை என்னிடம் வந்திருக்கிறது என்றேன்.

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வருஷம் ஒன்றோடொன்று மோதி விளையாடும் கார்களை எல்லாம் மாற்றப்போகிறோம், நிச்சயம் என்றார். சரி, மாற்றட்டும். போய்ப் பார்ப்பேன். பழைய காருக்கே பெயிண்ட் அடித்துப் புதுசு என்று நிறுத்தியிருந்தால் அந்த இடத்திலேயே கேட்பேன்.