கவிதை அடுக்கின் முன் நின்று படிக்க அனுமதி கோருதல்

அனுப்புநர்:
எழுத்தர்,
வெளிநோயாளர் சீட்டு வழங்கும் பிரிவு,
பொது மருத்துவமனை.
(கவிதையும் எழுதுபவர். ஒரு தொகுப்பு வந்துள்ளது.)

பெறுநர்:
உயர்திரு நூலக அலுவலர் அவர்கள்,
தலைமை நூலகம்.

பொருள்: கிளை நூலகத்தில் அடுக்குகளுக்கு இடையே நின்று படிக்கத் தடை – கவிதை அடுக்குக்கு மட்டும் விலக்கு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. எங்கள் மருத்துவமனைக்கு எதிரே உள்ள கிளை நூலகத்தில் சென்ற மாதம் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. புத்தகத்தை எடுத்தவர்கள் மேசைக்குச் சென்று அமர்ந்துதான் படிக்க வேண்டுமாம். அடுக்குகளுக்கு இடையே நிற்கக் கூடாதாம். வழியில் நின்று படித்த ஒருவர் மீது புத்தகத் தள்ளுவண்டி மோதியதால் வந்த உத்தரவு என்று அறிகிறேன். அவர் நலமாக இருக்கிறார். அவருக்குச் சீட்டு எழுதியதே நான்தான்.

2. நாவலுக்கும் செய்தித்தாளுக்கும் இந்த உத்தரவு பொருந்தும். கவிதைக்குப் பொருந்தாது. கவிதைப் புத்தகத்தை யாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதில்லை. நடுவில் எங்கோ திறந்து இரண்டு வரி பார்ப்போம். பிடிக்காவிட்டால் வைத்துவிடுவோம். பிடித்துவிட்டால் கால் அங்கேயே நின்றுவிடும். மேசை வரை எடுத்துச் சென்று, நாற்காலியை இழுத்துப் போட்டு அமரும் அளவுக்கு ஒரு கவிதையை முன்கூட்டியே நம்புபவர்கள் குறைவு. எழுதுகிற நானே அவ்வளவு நம்புவதில்லை.

3. என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கவிதைகள் குட்டையானவை. மதிப்புரை எழுதிய ஒருவர் அதைச் சொற்சிக்கனம் என்று பாராட்டினார். உண்மையில் அது அடுத்த நோயாளி ஜன்னலுக்கு வந்துவிடுவாரே என்ற அவசரம். "ஏம்மா, சீட்டு எழுதுறீங்களா, வேற எதாவது எழுதுறீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். பதிப்பாளரும் நல்லவர். "கவிதை விக்காதும்மா, இருந்தாலும் போட்டுருவோம்" என்று சொல்லிப் போட்டார். சொன்னபடியே விற்கவில்லை. மீந்த பிரதிகள் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக உள்ளன. மின்பணியாளரான என் கணவர் அவற்றின் மேல் ஏறி நின்று மின்விசிறி மாட்டினார். "உன் புக்கு நல்லா தாங்குது" என்பது அவருடைய விமர்சனம். இதிலெல்லாம் எனக்கு மனக்குறை இல்லை. எழுதுகிற நேரத்தில் நான் சந்தோஷமாக இருக்கிறேன், மற்றவை கொசுறு.

4. மனுவுக்குக் காரணம் வேறு. அந்தத் தொகுப்பின் ஒரு பிரதி மேற்படி நூலகத்தில், ஜன்னலோரக் கவிதை அடுக்கில் உள்ளது. வெளியூரிலிருந்து நோயாளிகளை அழைத்துவரும் வேன் ஓட்டுநர் ஒருவர், அவர்கள் திரும்பும் வரை அங்கே நின்று அதைப் படித்துவந்தார். வரும்போதெல்லாம் ஒரு கவிதை. படித்த இடத்தில் பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார். (இது விதிமீறல் என்பதை அறிவேன். தண்டனை ஏதும் உண்டென்றால் எனக்குக் கொடுங்கள்.) மதிய இடைவேளையில் நான் போய் மடிப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்பேன். அது நகர்ந்திருக்கும் நாளில் சாப்பாடே வேண்டியிருக்காது. முகம் தெரிந்த வாசகர் எனக்கு அவர் ஒருவர்தான்.

5. அறிவிப்பு ஒட்டிய பிறகு மடிப்பு நகரவே இல்லை. நான் யார் என்று சொல்லாமல் அவரிடமே விசாரித்தேன். "மேசையில உக்காந்தா வண்டி தெரியாதுங்க. டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களை நிக்க வைக்க முடியுமா? ஜன்னல்கிட்ட நின்னா ஆஸ்பத்திரி வாசல் தெரியும்" என்றார். வெளியூர்க்காரர் என்பதால் உறுப்பினர் அட்டைக்கும் வழியில்லை. புத்தகம் எப்படி என்று, வாய் சும்மா இராமல் கேட்டுவிட்டேன். "சுமார்தாங்க. ஆனா எழுதுனவங்களும் நம்மளை மாதிரி எங்கயோ காத்துக்கிட்டு இருந்தவங்கன்னு தெரியுது" என்றார். அன்று மாலை வரை நான் எழுதிய சீட்டுகளில் பிழை இருந்திருந்தால் அதற்கு இதுவே காரணம்.

6. நூலகரிடம் முறையிட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா, மேலிடத்து உத்தரவு, எழுத்துல குடுங்க" என்றார். எனவே எழுத்தில் தருகிறேன். ஜன்னலோரக் கவிதை அடுக்கின் முன் ஒருவர் மட்டும் நின்று படிக்க அனுமதிக்க வேண்டும். தள்ளுவண்டி அந்தப் பக்கம் போவதே இல்லை. கவிதை அடுக்கில் திருப்பி வைக்கப் புத்தகம் இருந்தால்தானே போகும்.

7. விரைவாக ஆவன செய்யக் கோருவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் மடித்து நிறுத்தியிருக்கும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருப்பதுதான் அந்தத் தொகுப்பிலேயே சரியாக வந்த கவிதை. சுமார் என்றவர் அதற்கு முன்பே நின்றுவிட்டார். அதை நினைத்தால்தான் மனது ஆறவில்லை.

8. அனுமதி கிடைத்தால் அந்த ஓட்டுநருக்கு நூலகர் அதை மட்டும் தெரிவித்தால் போதும். எழுதியவர் எதிர்ச் சாரியில் சீட்டு எழுதுகிறார் என்பதைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். தெரிந்தால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
எழுத்தர், சீட்டுப் பிரிவு

இடம்: சீட்டு வழங்கும் ஜன்னல்
நாள்: வெள்ளிக்கிழமை, மதிய இடைவேளை