உடைத்தவர்: காற்று

நேற்று மாலை காகித உறையைப் பிரித்ததும் முதலில் எழுந்தது ஸ்பிரிட் வாடை. இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஆய்வுகூடத்தின் இருப்புப் புத்தகத்தை விட்டு அது போகவில்லை. அட்டையில் நான் ஒட்டிய வெள்ளைத் தாள் மஞ்சளாகிவிட்டது. 'கண்ணாடிப் பொருட்கள்' என்ற என் கையெழுத்து மட்டும் நேராக நிற்கிறது.

இந்தக் கடிதத்தில் உங்களை எப்படி விளிப்பது என்று தெரியாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடம் முழுவதும், அதிபர் உட்பட, உங்களை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டது. நான் ஒருத்திதான் பெயர் சொல்லி அழைத்தேன். ஹட்டனில் கன்னியாஸ்திரிமாரிடம் படித்துவிட்டு வந்த விஞ்ஞான ஆசிரியை, ஆய்வுகூட உதவியாளரை உறவு சொல்லி அழைப்பது முறையல்ல என்பது அன்றைய என் எண்ணம். போன மழைக்காலத்தில் உங்கள் மறைவுச் செய்தி வந்தபோதும் பெயரைச் சொல்லித்தான் அழுதேன்.

புத்தகத்தைக் கொண்டுவந்தவள் இப்போது நம் பள்ளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் பெண். மஸ்கெலியா பஸ்ஸில் வந்து இறங்கி, தேநீரைக் குடித்து முடிக்கும் முன்பே விஷயத்துக்கு வந்துவிட்டாள். யாரோ நல்லவர்கள் பெட்டி பெட்டியாகப் புதிய முகவைகளும் குடுவைகளும் அனுப்பியிருக்கிறார்கள். முதல் பெட்டியைப் பிரித்த மாதத்திலேயே பல காணாமல் போயின. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் தேயிலைச் செடிகளின் தூரில் கண்ணாடித் துண்டுகள் கிடக்கின்றன. மீதிப் பெட்டிகளைப் பூட்டி வைத்துவிடலாம் என்கிறார் அதிபர்.

"பூட்டுனா இந்த வருஷப் புள்ளைங்க படத்துலதான் பாக்கணும், டீச்சர். பழைய பொஸ்தகத்துல வழி ஏதாவது இருக்குமான்னு பொரட்டுனேன். இதுல 'காற்று'ன்னு ஒருத்தர் நெறைய ஒடைச்சிருக்காரே, யாரு டீச்சர் அது?" என்று சிரித்தவள், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பழைய லேப் அண்ணனா? கை தவறி ஒடைச்சதெல்லாம் இப்படி எழுதி மறைச்சிட்டாருன்னு ஸ்டாஃப் ரூம்ல பேசிக்கிறாங்க."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். உங்கள் கையைப் பற்றி அப்படி ஒரு பேச்சா!

நீங்கள் எங்களிடம் வந்த முதல் நாள் நினைவிருக்கிறதா? தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்க்கும் அறையில் கோப்பை அடுக்கிக் கழுவியவர் என்று அதிபர் சொன்னதும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. "கண்ணாடி வேறு, கோப்பை வேறு" என்றேன். நீங்கள் ஒரு முகவையை எடுத்து, விளிம்பைச் சுண்டுவிரல் நகத்தால் தட்டிக் காதருகே பிடித்தீர்கள். "இது கீறல் உள்ளதுங்க டீச்சர். கொதிக்க வச்சா போயிரும்." கண்ணுக்குத் தெரியாத கீறல் அது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. உங்களிடம் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் அலமாரித் தட்டுகளில் நீல வண்ணத்தால் வட்டங்கள் வந்துவிட்டன. ஒவ்வொரு முகவைக்கும் அதன் அடி அளவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இலக்கம். காலையில் கதவைத் திறந்ததும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவீர்கள். "பெரட்டுல ரெண்டு ஆள் கொறையுதுங்க டீச்சர்." தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பார்க்கும் பெரட்டு எங்கள் கண்ணாடிக்கும் வந்துவிட்டது. பக்கம் பக்கமாக நான் எழுதி வைத்த புத்தகம் சொல்லாததை வெறும் வட்டம் சொன்னது.

குறைந்த ஆட்களை யார் உடைத்தார்கள் என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி செய்தேன். புத்தகத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டு, 'உடைத்தவர்' என்று புதிய நிரல் திறந்தேன். அதில் விழும் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசித்தேன். இரண்டே வாரத்தில் நிரல் வெறுமையாகிவிட்டது. பிள்ளைகள் திருந்திவிட்டார்கள் என்று பெருமைப்பட்டேன். ஆனால் வட்டங்களும் ஒவ்வொன்றாக வெறுமையாகிக்கொண்டே வந்தன.

ஒரு நாள் நீங்கள் கைக்குட்டையை என் மேசைமேல் விரித்தீர்கள். உள்ளே மண் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள். "தேயிலைத் தூருக்குள்ள கெடந்துச்சு. கொழுந்து எடுக்குற பொம்பளைங்க கால்ல செருப்பு இல்லைங்க டீச்சர். இந்தப் புள்ளைங்களோட அம்மாமாருதான்." அந்த நிரலை எடுத்துவிடச் சொன்னீர்கள். ஒழுங்கு என்றால் ஒழுங்குதான் என்று மறுத்துவிட்டேன்.

அதே மாதம்தான் அது நடந்தது. பள்ளி விட்டபின் நான் தனியாக இருந்தேன். மழை கட்டியிருந்தது, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவசரமாகத் திரும்பியபோது முந்தானை, தாங்கியில் நின்ற அளவியில் சிக்கியது. சொட்டுச் சொட்டாக அமிலத்தை அளந்து விடும் அந்த நீண்ட குழாய் நம்மிடம் இருந்ததே இரண்டு. அதில் நல்லது தரையில் கிடந்தது. துண்டுகளைக் கூட்டி அள்ளினேன். புத்தகத்தைத் திறந்து பொருள், இலக்கம் எல்லாம் எழுதினேன். 'உடைத்தவர்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நான் போட்ட நிரல், நான் வாசிக்கும் கூட்டம். என்னுடைய அழகான எழுத்தில், 'காற்று' என்று எழுதினேன்.

மறுநாள் நீங்கள் அதை வாசித்தீர்கள். ஜன்னலைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள்.

"அந்த ஜன்னலுக்கு ஆணி அடிச்சு ரெண்டு வருஷமாச்சுங்களே, டீச்சர்."

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"இருக்கும், இருக்கும். நம்ம மலைக் காத்து ஆணி அடிச்ச ஜன்னலுக்குள்ளயும் வரும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் உங்களைத் திட்டியாவது இருப்பேன்.

அடுத்த வாரம் ஒரு சிறுமி முகவையை உடைத்து, துண்டுகளைப் புத்தகப் பைக்குள் ஒளித்து விரலை வெட்டிக்கொண்டாள். நீங்கள் கட்டுப் போட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்து, கோணல் எழுத்தில், 'காற்று' என்று எழுதினீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன இது?"

"டீச்சருக்கு அடிச்ச காத்து இந்தப் புள்ளைக்கு அடிக்கக்கூடாதுங்களா?"

அவளுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் சொன்னீர்கள். ஆனால் எனக்கு மலையே கேட்டதுபோல இருந்தது. அன்றிலிருந்து கூட்டத்தில் பெயர் வாசிப்பதை நிறுத்தினேன். "காத்தடிச்சிருச்சுங்க டீச்சர்" என்று துண்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் மேசைக்கே வந்தார்கள். அவை நீங்கள் மூலையில் வைத்த காலித் தேயிலைப் பெட்டிக்குள் சேர்ந்தன. தேயிலைத் தூர் சுத்தமாயிற்று. உடைவதும் குறைந்துகொண்டே வந்தது. பயந்த கைதான் நடுங்கும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனாலும் அந்த முதல் காற்று யார் என்பதை நான் எவரிடமும் சொல்லவில்லை; என் கணவரிடம்கூட. அவரும் அது தெரியாமலே கண்ணை மூடிவிட்டார். நீங்களும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குக் கூலியாகத்தான் இன்று உங்கள் பெயர் அங்கே அடிபடுகிறது.

இன்று காலை நம் பள்ளிக்குப் பஸ் ஏறினேன். முழங்கால் வலியைப் பற்றி உங்களிடம் சொல்லப்போவதில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அந்த ஆசிரியையும் அதிபரும் பக்கத்தில் நின்றார்கள். புத்தகத்தை விரித்து, முதல் 'காற்று' இருந்த வரியைக் காட்டினேன்.

"இதை உடைத்தது நான். எழுதியதும் நான். அந்த அண்ணன் கையிலிருந்து ஒன்றுகூட விழவில்லை" என்றேன். பிறகு 'காற்று' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே என் முழுப்பெயரையும் எழுதி ஒப்பமிட்டேன். கை நடுங்கவில்லை. எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

யாரோ ஒரு பையன், "டீச்சரே ஒடைச்சாங்களாம்டா" என்று முணுமுணுத்தான். கடைசி வரிசை வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்தாள். பையைத் திறந்து, பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்தாள்.

"புது முகவை ஒண்ணுங்க மிஸ். போன கெழமை… தேயிலைக்குள்ள போட மனசு வரல. எங்கம்மா அந்த மலையிலதான் கொழுந்து எடுக்குறாங்க."

அவளுடைய ஆசிரியை ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "சரி, காத்துன்னு போட்டுக்குவமா?" என்று அவளிடம் கேட்டாள். அந்தப் பிள்ளை தலையை ஆட்டி மறுத்துவிட்டு, என் பேனாவை வாங்கிக்கொண்டு என் பெயருக்கு நேரே ஓரத்தில் தன் பெயரை எழுதினாள். அதிபர் மீதிப் பெட்டிகளின் சாவிக்கொத்தை ஆசிரியையிடம் நீட்டினார். நான் கிளம்பும்போது புதிய அலமாரித் தட்டில் பிள்ளைகள் முகவைகளைக் கவிழ்த்து வைத்து நீல வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு முட்டை வடிவத்தில் இருந்தன. திருத்தச் சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தேநீர் ஊற்றுவதற்கு முன், வழக்கம்போலக் கண்ணாடித் தம்ளரை நகத்தால் தட்டிக் காதருகே பிடித்தேன். உங்களிடம் ஒருபோதும் கேட்டுக் கற்காமல், பார்த்தே திருடிய பழக்கம் அது. மணிபோல ஒலித்தது.

கீறல் இல்லைங்க, அண்ணே.