பித்தளைத் தகட்டில் என் அண்ணன்

1958 பிப்ரவரி 11, செவ்வாய்

அப்பாவை அடக்கம் செய்து எட்டு நாள் ஆகிறது. மாளிகையில் எல்லோரும் கறுப்பு உடையில் மெதுவாக நடக்கிறார்கள். நான் மட்டும் நூலகத்தில் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வம்சாவளி மரம் வரைகிறேன். பன்னிரண்டடிக் காகிதம்! டாரோபி குடும்பத்தின் தொள்ளாயிரம் வருஷமும் அதில் வருகிறது. சரியாகப் பார்த்தால் எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. எட்டு வருஷத்தை யார் கேட்கப் போகிறார்கள்?

லிங்கன்ஷயரில் என்னளவு வம்சாவளி தெரிந்தவன் கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து என்னைப் பதினைந்து வயதில் அனுப்பிவிட்டார்கள். என் அறிவை அவர்களால் தாங்க முடியவில்லை. மரத்தின் அடியில் நார்மன் வீரன் ஒருவன் நிற்கிறான். அவனுக்கு ஒற்றைக் கண் என்று நேற்றுத்தான் முடிவு செய்தேன், கம்பீரமாக இருக்கிறது. பத்திரங்களில் கிடைக்கும் முதல் டாரோபி ஒரு மெழுகுவத்தி வியாபாரி. அவரை இலைக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

எல்லாம் பியர்ஸுக்காக. ஹியூ அண்ணனின் மகன். ஹியூ போரில் போய்விட்டார். மூத்தவர் ஆம்ப்ரோஸ் 1934-லேயே மறைந்தார் என்று லண்டனில் அச்சாகும் பிரபு குடும்பங்களின் தடிப்புத்தகமே சொல்கிறது. ஆகவே அப்பாவின் 'சர்' பட்டமும் மாளிகையும் பியர்ஸுக்கு.

சாப்பாட்டு மேஜையில் வினிஃப்ரெட் அண்ணி மகனிடம் சொன்னாள்: "எந்த டாரோபி என்னைக்குப் பொறந்தான், என்னைக்குச் செத்தான்னு உன் சித்தப்பாவைக் கேளு. சாகாதவனுக்கும் தேதி சொல்லுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு ரொட்டியைப் பிய்த்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வக்கீல் பின்னாக் வந்தார். எலும்பும் கண்ணாடியுமாக ஒரு மனிதர்.

"பியர்ஸ் பேரைப் பட்டப் பதிவேட்டுல ஏத்தணும்னா, மூத்தவர் ஆம்ப்ரோஸ் இறந்ததுக்கு ஒரு ஆதாரம் வேணும்" என்றார்.

"தடிப்புத்தகத்துலயே இருக்கே!"

"புத்தகத்துக்கு எழுதிக் கொடுத்தது யாரு?"

"நான்தான். வருஷா வருஷம் திருத்தச் சொல்லித் தாள் அனுப்புவாங்க."

"வேற?"

"சர்ச்சுல பித்தளைத் தகடு இருக்கே! கப்பல் மூழ்கினப்ப மூணு குழந்தைங்களைக் காப்பாத்தி உயிரை விட்டார்னு."

"அந்த வாசகம் யாரு எழுதினது?"

"நான்தான்."

பின்னாக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி. மார்ச் பத்தாம் தேதி ஆபீசுக்கு வாங்க. பைபிள் மேல கை வச்சு, தெரிஞ்சதைச் சொல்லிக் கையெழுத்துப் போடுங்க. சொந்தத் தம்பியோட சத்தியம் போதும்" என்றார்.

"அதுக்கென்ன, நாலு தடவை போடறேன்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

பிப்ரவரி 14

ஆட்டுக்கறி நன்றாகத்தான் இருந்தது. தட்டிலேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

இந்த நோட்டில்கூட நான் எழுதாத விஷயம். இன்று எழுதிவிடுகிறேன்.

ஆம்ப்ரோஸ் சாகவில்லை. அதாவது, உண்மையில் செத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான்தான் சாகடித்தேன்.

1927-இல் அவர் 'ஏர்க்கலப்பை' மதுக்கடைக்காரரின் மகள் நெல்லியைக் கல்யாணம் செய்துகொண்டு நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அவர் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்றார் அப்பா. ஏழு வருஷம் யாரும் சொல்லவில்லை. அம்மா மட்டும் சில சமயம் உதட்டை அசைப்பாள்.

1934 நவம்பர். வேட்டைக்குப் போன இடத்தில் பகல் சாப்பாடு. நிறையப் பேர். கர்னல் ஃபாஸ்டிக் கையில் கோழிக்காலோடு கத்தினார்: "என்னப்பா ஆஸ்பர்ட், உன் அண்ணன் இன்னும் மாமனார் மாதிரியே பீர் ஊத்திக்கிட்டுத்தான் இருக்கானா?" எல்லோரும் சிரித்தார்கள். துப்பாக்கி தூக்கி வந்த வேலைக்காரர்கள் வரை சிரித்தார்கள்.

என் வாய் தானாகத் திறந்தது. "அவர் செத்துட்டார் கர்னல். கப்பல் மூழ்கினப்ப ஒரு குழந்தையைக் காப்பாத்தப் போய். கேப்டன் கடிதம் போட்டிருந்தார்."

தொப்பிகள் கழன்றன. கர்னல் கண்ணில் தண்ணீரோடு என் கையைப் பிடித்தார். என் ஆயுளில் என் பேச்சை அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாகக் கேட்டது அன்றுதான். என்றைக்கு என்று கேட்டார்கள். மார்ச் 14 என்றேன். அன்று நான் ஏறிய குதிரை பந்தயத்தில் ஜெயித்திருந்தது, அந்தத் தேதிதான் வாயில் வந்தது.

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்விட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து "ஆம்ப்ரோஸ்" என்றார். ஏழு வருஷம் கழித்து, உரக்க. அந்தப் பெயர் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் எப்படி மறுப்பேன்?

அந்த வருஷம் தடிப்புத்தகத்தின் தாள் வந்தபோது 'மணமாகாமல் மறைந்தார்' என்று எழுதினேன். ஒரே வரியில் அண்ணனும் போனார், அண்ணியும் இல்லாமல் போனாள்.

1935 ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்கு. 'அம்மாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. நன்றாக இருக்கிறாளா? ஒரு வரி போடு. எங்களுக்குப் பெண் பிறந்திருக்கிறது. ஆகஸ்டா என்று அம்மா பெயரையே வைத்திருக்கிறோம்.'

அம்மாவுக்கு வந்தவற்றை அப்பா கிழித்திருப்பார். என்னுடையதை நான் ஒளித்துவைத்தேன். அக்டோபரில் பிஷப் வந்து தகட்டைத் திறந்துவைத்தார். அதற்குள் கதையில் அவர் காப்பாற்றிய ஒரு குழந்தை மூன்றாகியிருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். பகல் சாப்பாட்டில், மாட்டிறைச்சி பரிமாறி முடிந்ததும், முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு: "ஆம்ப்ரோஸ் சாகலை. அது நான் கட்டின கதை."

பியர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "சித்தப்பா! உங்க கதைங்கள்லயே இதுதான் உச்சம்!"

"கொழுந்தனாரே, போன வாரம் ஒத்தைக் கண்ணு வீரன். இந்த வாரம் செத்தவரு எழுந்து வர்றாரு. அடுத்த வாரம் யாரு, பைபிள்ல வர்ற நோவாவா?" என்றாள் அண்ணி.

"நிஜமா சொல்றேன், வினிஃப்ரெட்."

"நிஜமாத்தான் எப்பவும் சொல்லுவீங்க."

"அப்ப நான் யாரு சித்தப்பா? சர் பியர்ஸ் இல்லையா?"

"வெறும் பியர்ஸ்."

அதற்கும் சிரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் முதுகில் தட்டினான். நல்ல பையன். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்தேனே! த்தூ.

மார்ச் 10, திங்கள்

பின்னாக் ஆபீஸ். பைபிள் தயாராக இருந்தது. அதன் மேல் கை வைத்தேன். தோல் அட்டை குளிர்ந்திருந்தது. "ஆஸ்பர்ட் டாரோபி ஆகிய நான்" வரைக்கும் வந்தேன். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

கையை எடுத்துக் கோட்டுக்குள் விட்டு அந்தக் கடிதத்தை மேஜையில் வைத்தேன்.

பின்னாக் இரண்டு தடவை படித்தார். "இருபத்து மூணு வருஷமா இது எங்க இருந்துச்சு?"

"தடிப்புத்தகத்துக்குள்ள. எங்க குடும்பப் பக்கத்துல."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இவரு உயிரோட இருந்தா இவர்தான் சர் ஆம்ப்ரோஸ். வீடும் இவரோடது" என்று மட்டும் சொல்லிவிட்டு, கடிதத்திலிருந்த முகவரிக்குத் தந்தி எழுதினார்.

மார்ச் 14, வெள்ளி

தகட்டு நாள். இன்று யாரும் சர்ச்சுக்குப் போகவில்லை.

அம்மா இருந்தவரை, பதினான்கு வருஷம், இந்த நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கையில் மஞ்சள் டாஃபடில் பூக்கள். தகட்டின் முன்னால் நின்று, "சொல்லுடா ஆஸ்பர்ட்" என்பாள். நான் சொல்வேன். வருஷத்துக்கு ஒன்று சேர்ப்பேன்: ஒரு வருஷம் கிழவி, ஒரு வருஷம் நாய்க்குட்டி, கேப்டன் வைத்த சல்யூட். அவளுக்கு என்னால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று நினைத்தேன்.

அவள் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி. "எவ்வளவு தூரம்டா நீந்தினான்?" கேட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். கால் மைல், அரை மைல், கடைசியில் ஒரு மைல் வரை போனேன். "சரி" என்று சொல்லிப் பூவை வைப்பாள்.

மார்ச் 19, புதன்

பதில் தந்தி வந்துவிட்டது.

'இருக்கிறேன். அம்மா இருக்கிறாளா. ஆம்ப்ரோஸ்.'

பின்னாக் அதை என் முன்னால் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 1949-இல் போய்விட்டாள் என்று நானேதான் எழுத வேண்டியிருந்தது.

மார்ச் 20

தந்தியைப் பியர்ஸிடம் காட்டினேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அப்பா போருக்குப் போனாரே, அப்பவும் அண்ணன் செத்துட்டார்னு நம்பிக்கிட்டுத்தான் போனாரா?"

"ஆமா."

"நீங்க ரயிலேத்திவிடப் போனீங்க இல்ல?"

"ஆமா."

அவன் எழுந்து போய்விட்டான். கிராமத்தில் எல்லோரும் அவனை 'சர் பியர்ஸ்' என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மாதமாகிறது. ஒவ்வொருவரிடமும் இல்லை என்று அவனேதான் சொல்ல வேண்டும்.

அண்ணி சொன்னாள்: "இனிமே நீங்க மழை பெய்யுதுன்னு சொன்னாக்கூட, வாசல்ல கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் குடை எடுப்பேன்."

ஏப்ரல் 6

ஈஸ்டர். பியர்ஸ் இப்போது என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவதில்லை. எப்படியும் கூப்பிடுவதில்லை. "உப்பு" என்கிறான், நான் நகர்த்துகிறேன்.

ஜூன் 7, சனி

ஆம்ப்ரோஸ் வந்தார்.

ஸ்டேஷனில் நான் தனியாக நின்றேன். பெரிய சிவந்த கைகள், வெள்ளைத் தலை, நடை மட்டும் அப்பாவுடையது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் செத்ததுல இருந்து நீ ரொம்பக் குண்டாயிட்டடா."

நான் அழுதுவிட்டேன். பிளாட்பாரத்தில், போர்ட்டர்கள் முன்னால்.

"நிறுத்து. அங்க என் மதுக்கடையில குடிச்சிட்டு அழறவனைத்தான் விடுவேன். நீ குடிக்கவும் இல்ல" என்றார்.

வீட்டுக்கு முதலில் வரவில்லை. சர்ச்சுக்குத்தான் போனார். அம்மா கல்லறையில் ரொம்ப நேரம் குனிந்து நின்றார். பிறகு உள்ளே வந்து தகட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"மூணு குழந்தைங்களா?"

"முதல்ல ஒண்ணுதான்."

"டேய், எனக்கு நீச்சலே தெரியாதேடா."

"என்னது?" என்றேன்.

"உனக்கு ஞாபகம் இருக்காது, நீ தொட்டில்ல கிடந்த. ஏழு வயசுல நம்ம ஏரியில விழுந்தேன். அம்மாதான் கவுனோட குதிச்சுத் தூக்கினா. அதுக்கப்புறம் நான் தண்ணிப் பக்கமே போனதில்ல. யாருக்கும் சொல்லாதேன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டேன். அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

அப்படியென்றால், அந்தக் கேள்வி? வருஷா வருஷம் என் முகத்தைப் பார்த்தாளே!

எவ்வளவு தூரம்டா நீந்தினான்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்டதை அவரிடம் சொன்னேன். கூட ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அங்க போய்க் கத்துக்கிட்டிருப்பேன்னு நினைச்சிருப்பா" என்றார் கடைசியில்.

"நிஜமாவா சொல்றீங்க?"

"தெரியலடா. நீ கொஞ்ச நேரம் பேசாம இரு."

ஜூன் 21

ஆம்ப்ரோஸ் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "எனக்கு மூணும் பொண்ணுங்க. எனக்கப்புறம் பட்டம் எப்படியும் பியர்ஸுக்குத்தான். அதுவரைக்கும் வீட்டை அவனே பாத்துக்கட்டும். எனக்கு ஜூலைல கப்பல். நெல்லி தனியா பீப்பாய் உருட்டிக்கிட்டிருக்கா."

தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். கடையில் மாட்டப் போகிறாராம். என்னிடம் "எப்ப வேணா வா" என்று சொல்லவில்லை. "எழுது" என்றார்.

1959 மார்ச் 14, சனி

தடிப்புத்தகத்தின் தாள் வந்தது. பியர்ஸ் அதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தான். ஒரு வருஷமாக அவன் இந்த அறைக்குள் கால் வைத்ததில்லை.

"நம்ம பக்கத்தைத் திருத்தணும். நீங்க எழுதுங்க சித்தப்பா. நான் சர்ட்டிபிகேட்டோட ஒத்துப் பாத்துட்டுத்தான் அனுப்புவேன்."

"பாரு. நல்லாப் பாரு."

எழுதினேன். ஆம்ப்ரோஸ், வாழ்ந்துவருகிறார். மணந்தது 1927, நெல்லி, 'ஏர்க்கலப்பை' கடைக்காரர் தாமஸ் கிரப்பின் மகள். மூன்று பெண்கள், மூத்தவள் ஆகஸ்டா. அடியில் மெழுகுவத்தி வியாபாரியிடமிருந்து தொடங்கச் சொல்லிக் குறிப்பு. ஒற்றைக் கண்ணனை அடித்துவிட்டேன்.

"வேற ஏதாவது சேர்க்கணுமா?" என்றான். பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல."

பிறகு டாஃபடில் பறித்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனேன். தகடு இருந்த இடம் சுவரில் வெளுப்பாகத் தெரிகிறது. அங்கே நிற்கவில்லை. வெளியே அம்மாவிடம் போனேன். பூவை வைத்தேன். யாரும் பக்கத்தில் இல்லை.

"அவர் நீந்தவே இல்லம்மா" என்றேன்.